கூரையில்லாத ஊர்



துருக்கியின் தென்மேற்கில், மத்தியதரைக் கடலுக்கு மேலே மலைச்சரிவில் காயாக்கோய் என்றொரு ஊர். நூற்றுக்கணக்கான கல்வீடுகள், இரண்டு பெரிய தேவாலயங்கள், கூரையுமில்லை, ஆளுமில்லை. 1923இல் கிரேக்கமும் துருக்கியும் செய்த மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையால், எஞ்சியிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்களும் கடல் கடந்து போனார்கள். 1957 நிலநடுக்கம் மிச்சத்தையும் சிதைத்தது.

பைன் காட்டு ஒற்றையடிப் பாதையால் நடந்தால் கீழே ஒலுதெனிஸின் நீலக்கடல் தெரியும். அழகுதான். என் மனமோ ஒரு வீட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டது. 1995இல் நாங்களும் வீட்டைப் பூட்டித் திறப்போடு நடந்தவர்கள். எங்களில் பலருக்குத் திரும்பிவரக் கிடைத்தது. பாடசாலை மணியை மறுபடியும் கேட்டோம்.

அந்த ஊர் வெறிச்சோடி நூறு வருடம். எங்கள் சங்கத்துக்கும் நூறு. எங்கிருந்தாலும் ஒருமுறை வந்து அந்த மணியைக் கேளுங்கள்.