கூடாரம் இறங்கும் காலம்



கிர்கிஸ்தான் போகத் திட்டம் போட்டேன். லீவு கிடைத்ததோ அக்டோபர் கடைசியில். 3,016 மீட்டர் உயரத்திலுள்ள சோங்-குல் ஏரிக்கரையில், மேய்ப்பர்களின் கூடாரத்தில் நாலு நாள் தங்கணும்னு பல வருஷத்து ஆசை. அப்புறம்தான் தெரிந்தது, செப்டம்பர் முடிவதற்குள் ஆடு, குதிரைகளோடு அவர்கள் கீழே இறங்கிவிடுவது வழக்கமாம். மேலே கூடாரமே இருக்காது. பனியில் பாதையும் அடைபடும்.

மனசு விட்டுப்போச்சு. ரத்து செய்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு, அவர்களைப் போலவே என் திட்டத்தையும் கீழே இறக்கினேன். குளிர்காலத்திலும் உறையாத இசிக்-குல் ஏரி. அதன் தென்கரையில் கூடாரம் செய்யும் கிஸில்-தூ கிராமம். தேசியக் கொடியிலேயே கூடாரத்தின் உச்சி வளையத்தை வைத்திருக்கும் நாடல்லவா!

தம்பி தங்கைகளே, நம்ம காலண்டரை மட்டும் பார்த்துப் பிளான் போடாதீங்க. அந்த மண்ணோட காலண்டரையும் கேளுங்க.