குமிழுக்குப் பதில் ஓர் எழுத்தாணை

சிலாபத்துக்குத் தெற்கே இரணவில என்னும் கடற்கரைச் சிற்றூரில் 'அமெரிக்காவின் குரல்' அமைத்த வானொலி அஞ்சல் நிலையம் ஒன்று இருந்தது. 2016ஆம் ஆண்டில் அதன் ஒலிபரப்பு நின்றது. அது எழுந்தபோது அயலூர் மக்கள் காட்டிய எதிர்ப்பு தனிக் கதை. அஞ்சல் நிலையத்தின் தொழில், வேறோர் இடத்தில் எழுந்த குரலை வாங்கி வலுவூட்டி வானில் விடுவதாம். வாங்கும் குரல் முன்னரே சிதைந்திருப்பின், எத்துணை வலுவூட்டினும் சிதைவே பெருகும்.

அச்சிதைவு பெரும்பாலும் ஒலிவாங்கியின் அருகிலேயே நேர்கின்றது. உள்வரும் ஒலி அளவை மீறினால் அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. பின்னர் ஒலியைத் தணித்தால் கரகரப்புத் தணியுமேயன்றி, இழந்த முகடு மீளாது. கற்பிட்டியில் படகேறவிருக்கும் மீனவர் வானிலை அறிக்கைக்குச் செவிசாய்க்கின்றார் எனக் கொள்வோம். காற்றின் வேகம் நாற்பதா, அறுபதா? இரு சொற்களும் 'பது' என்றே முடிகின்றன, வேறுபாடெல்லாம் முன்னெழுத்துகளில். அவை தெளியாவிடின் அறிக்கையால் பயன் யாது?

முற்காலத்தில் இவ்வளவைக் குமிழ் திருகிச் சரிசெய்தனர். இன்று கணினியே கலையகமாகிவிட்டது. லினக்ஸ் கணினிகளில் ஒலியை ஆளும் 'அல்சா' என்னும் அமைப்பை 1998இல் தொடங்கியவர் செக் நாட்டவரான யரொஸ்லாவ் கிசெலா. 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6இல் அது இடம்பெற்றிருந்தது. அதனுடன் வழங்கும் 'ஏமிக்சர்' என்னும் கருவிக்குத் திரையில் படமும் வேண்டா, சுட்டியும் வேண்டா. 'ஏமிக்சர் செட் காப்சர் 60%' என விசைப்பலகையில் ஒரு வரி பொறித்தால் ஒலிவாங்கியின் ஏற்பளவு அந்நிலைக்கு வரும். காப்சர் என்னும் பெயர் மட்டும் கணினிக்குக் கணினி வேறுபடக்கூடும். கருவியின் பெயரைத் தனியே பொறித்தால் உள்ளவையெல்லாம் வரிசையாகத் தோன்றும்.

குமிழைத் திருகிய கை எங்கே நின்றதென்று மறுநாள் நினைவிராது. எழுதிய வரியோ நிற்கும். அதே வரியைக் கொழும்பிலிருந்து வலையமைப்பு வழியே புத்தளத்திலுள்ள கணினிக்கும் இடலாம். கணினி அணைந்து எழுந்தபின்னும் அந்நிலை வேண்டுமாயின் 'அல்சாசிரிஎல் ஸ்ரோர்' என்னும் ஆணை அதைச் சேமித்து வைக்கும்.

ஓர் எச்சரிக்கை. 50% என்பது செவிக்குப் பாதி ஒலியன்று. அது அக்கட்டுப்பாட்டின் வீச்சில் பாதியே. துல்லியம் வேண்டுவோர் தெசிபெல்லில் ஆணையிடுவர். 6 தெசிபெல் குறைத்தால் அலையின் உயரம் ஏறத்தாழப் பாதியாகும். அறிவிப்பாளர் மிக உரத்துச் சொல்லக்கூடிய சொல்லை முதலில் சொல்லிப் பார்த்து, அளவுகாட்டி உச்சத்தைத் தொடாதிருத்தலைக் கண்ட பின்னரே சேமித்தல் வேண்டும்.