அடுப்பேறும் பாத்திரம்

வெந்நீர்ப் பாத்திரத்தைப் பற்றிப் பேச ஒரு தலைமையாசிரியர் வேண்டுமா என்று நீங்கள் எண்ணக்கூடும். நம் வரலாற்றில் பாத்திரம் சிறிய செய்தியன்று. 1930 டிசம்பரில், நம் சிவகங்கைச் சீமையையும் உள்ளடக்கிய அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியினர் நம்மவர்க்கு எட்டுத் தடைகளை விதித்தனர். வீட்டில் மண்பாண்டமன்றி வேறு கலம் புழங்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பெண்கள் செம்பு, பித்தளைக் குடங்களில் நீர் சுமத்தல் ஆகாது. பிள்ளைகள் கல்வி கற்றல் ஆகாது என்றனர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையரான ஹட்டன் தம் நூலில் இவற்றைப் பதிவு செய்துள்ளார். குடத்தையும் ஏட்டையும் ஒருங்கே மறுத்தார்கள். மண்பானை இழிவானதன்று, மண்பானை மட்டுமே என்ற கட்டளைதான் இழிவு.

இன்று எந்தக் கலத்தையும் நாம் வாங்கலாம். அவ்வுரிமையை அறிவோடு ஆள வேண்டாமா? திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் கைக்குக் கிடைத்த தகரத்தைத் திறந்த அடுப்பில் ஏற்றும் வழக்கம் ஒழிய வேண்டும்.

பூச்சிமருந்து, பெயின்ட் இருந்த தகரங்களை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தாதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நஞ்சு அகலாது. பழைய தகரங்களின் பற்றவைப்பில் காரீயமும் இருக்கக்கூடும். நாகமுலாம் பூசிய வாளி நீர் இறைப்பதற்கே உரியது, அடுப்புக்கு ஆகாது.

பித்தளை அண்டாவானால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூசுவது வெள்ளீயமா, காரீயமா என்று கேட்டறியுங்கள், காரீயம் நஞ்சு. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். நீர் உள்ளவரை பாத்திரத்தின் உட்புறம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும்; வற்றினால் பூச்சு போய்விடும். ஆதலின் முதலில் நீர், பிறகு நெருப்பு. கனமான எவர்சில்வர் பாத்திரம் எல்லாவற்றினும் தொல்லையற்றது.

மூடியை ஒருபோதும் இறுக்காதீர்கள். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். இறுக மூடிய டின் வெடித்துவிடும். அடிதட்டையான பாத்திரத்தை ஆடாத கற்களின் மேல் வைத்து, முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

உலோகங்கள் அரிக்கப்படுவதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953-இல் நம் காரைக்குடியிலேயே திறக்கப்பட்டது. எந்த உலோகம் நீருக்கு உகந்தது என்று அங்கே ஆராய்ந்து சொல்பவர்களாக நம் பிள்ளைகளும் உயர வேண்டும். பித்தளைக் குடம் தூக்கக்கூடாது என்று தடுக்கப்பட்ட பாட்டிமார்களுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.