கை வித்தை யாருக்குச் சொந்தம்?

(அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களும், பூந்தமல்லி, திருமழிசைப் பக்கத்து விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆற்றிய உரை)



வாசலில் நுழையும்போதே ஒரு தோழர் என்னை மடக்கினார். "பதிப்புரிமை, பேடண்ட், ஏ.ஐ. என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்களே, வக்கீல்களிடம் பேச வேண்டியதை எங்களிடம் பேசலாமா?" என்று கேட்டார். நானும் பத்தாவதோடு நின்றவன்தான். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டுதான் சட்டப் புத்தகத்தைப் படித்தேன். படித்தபோது ஓர் இடத்தில் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் வந்தது. அந்த இடத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1994-ல் செய்த திருத்தத்தின் மூலம், நிகழ்த்துவோரின் உரிமை என்று ஒன்றைச் சேர்த்தார்கள். நிகழ்த்துவோர் என்றால் யார்? சட்டமே ஒரு ஜாபிதா தருகிறது. நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, செப்பிடுவித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவு செய்பவர். பாம்பாட்டி வித்தை காட்டுவதை அவர் சம்மதம் இல்லாமல் படம் பிடித்து விற்கக் கூடாது. ரொம்ப நல்லது, பாம்பாட்டியும் உழைப்பாளிதான். உங்கள் முன் நின்று பேசுகிற எனக்குக்கூட அதில் இடம் இருக்கிறது! ஆனால் லேத்தில் நிற்கிறவர், தறியில் நிற்கிறவர், நாற்று நடுகிறவர், பூப் பறிக்கிறவர், இவர்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. ஜாபிதாவின் கடைசியில் "நிகழ்ச்சி நிகழ்த்தும் வேறு எவரும்" என்று ஒரு வால் இருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு நாம் உள்ளே போகலாமா என்று ஒரு வக்கீல் தோழரைக் கேட்டேன். வேலை செய்வதை 'நிகழ்ச்சி' என்று கோர்ட்டில் ஒப்புக்கொள்ள வைப்பது லேசில்லை என்று தலையை ஆட்டினார்.

லேத் வேலையை யார் படம் பிடித்து விற்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். நம் தமிழ்நாட்டிலேயே அது தொடங்கிவிட்டது. கரூரைப் பற்றி 2025-ல் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த செய்தியைச் சொல்கிறேன். கரூர் துண்டும் போர்வையும் நெய்து உலகத்துக்கு அனுப்புகிற ஊர். அங்கே ஒரு கம்பெனியில் இளைஞர்கள் நெற்றியில் சின்னக் காமிராவைக் கட்டிக்கொண்டு மேஜை முன் நிற்கிறார்கள். துண்டை எடுக்க வேண்டும், விரிக்க வேண்டும், மடிக்க வேண்டும், ஓரத்தில் வைக்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்கு மேல் போனாலும், ஒரு படி தவறினாலும், மறுபடி முதலிலிருந்து! கை எப்படி வளைகிறது, விரல் எங்கே அழுத்துகிறது என்பதெல்லாம் படமாகிறது. அந்தப் படங்கள் அமெரிக்காவில் ரோபோ செய்கிறவர்களுக்குப் போகின்றன. ரோபோ அதைப் பார்த்துப் பார்த்துத் துண்டு மடிக்கப் பழகுகிறது. முன்பு கரூரிலிருந்து துண்டு போயிற்று. இப்போது துண்டு மடிக்கும் கையே போகிறது.

அந்த இளைஞர்களுக்குச் சம்பளம் உண்டு. அது நிற்கிற நேரத்துக்குக் கொடுக்கிற கூலி. படத்துக்குள் போன வித்தைக்கு என்ன விலை? அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

பஞ்சாலையில் நாள்பட்டவர்களுக்கு ஸ்டாப்-வாட்ச் பிடித்த ஆளைத் தெரிந்திருக்கும். நூல் அறுந்தால் முடிச்சுப் போட எத்தனை விநாடி, பாபின் மாற்ற எத்தனை விநாடி என்று எழுதிக்கொள்வார். பிறகு ஆளுக்கு இத்தனை தறி கூடுதல் என்று உத்தரவு வரும். டெய்லர் என்கிற அமெரிக்கர் 1911-லேயே இதைப் புத்தகமாகப் போட்டு, 'விஞ்ஞான முறை நிர்வாகம்' என்று பெயர் வைத்தார். ஆனாலும் ஸ்டாப்-வாட்ச் எண்ணியது விநாடியைத்தான். வித்தை தொழிலாளியின் கையிலேயே இருந்தது. அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் கூடவே போயிற்று. அதனால்தான் வேலை நிறுத்தம் என்றால் முதலாளி பயந்தார். காமிரா எடுத்துக்கொண்டு போவது அந்த வித்தையை.

ஏ.ஐ. என்பதை மாயம், மந்திரம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். மாயம் ஒன்றும் இல்லை. கோடிக்கணக்கான மனிதர்கள் எழுதியது, பாடியது, வரைந்தது, பேசியது எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, அதிலிருந்து யந்திரம் பழகிக்கொள்கிறது. இப்படித் திரட்டும் தகவல்களைப் போட்டு வைக்கும் கிடங்குகளுக்கு டேட்டா சென்டர் என்று பெயர். அவை எங்கேயோ இல்லை. ஜப்பானிய என்.டி.டி. கம்பெனி 2023-ல் நம் அம்பத்தூரிலேயே ஒன்றைத் திறந்தது. கண்ட்ரோல்-எஸ் கம்பெனியும் இங்கே கட்டியிருக்கிறது. சங்கு ஊதாத, ஷிப்டுக்குக் கூட்டம் கூட்டமாக ஆள் போகாத கட்டிடங்கள்! அவற்றைக் குளிர வைக்கவே எவ்வளவு மின்சாரம் என்பது தனி விஷயம். இன்னொரு நாள் பேசுவோம்.

இந்தப் பழகலுக்கு யாரிடமாவது அனுமதி கேட்டார்களா? இதுதான் இன்று உலகம் முழுவதும் கோர்ட்டுகளில் நடக்கிற சண்டை. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், தன் செய்திகளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதாக ஓபன்ஏஐ மீது 2024 நவம்பரில் டெல்லி ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது. அமெரிக்காவில் ஆந்த்ரோபிக் என்கிற கம்பெனி திருட்டுப் புத்தகக் கிடங்குகளிலிருந்து லட்சக்கணக்கான புத்தகங்களை இறக்கிக்கொண்டதாக எழுத்தாளர்கள் வழக்காடினார்கள். அங்கே நீதிபதி 2025 ஜூனில் சொன்ன தீர்ப்பு விசித்திரமானது. புத்தகத்தை வைத்து யந்திரத்தைப் பழக்குவது நியாயமான உபயோகமாம். திருட்டுப் பிரதியைச் சேர்த்து வைத்ததுதான் குற்றமாம்! அதே வருஷம் செப்டம்பரில் அந்தக் கம்பெனி 150 கோடி டாலருக்கு ராஜி பேசியது. புத்தகம் ஒன்றுக்குச் சுமார் 3,000 டாலர்.

நம் மத்திய சர்க்கார் அமைத்த கமிட்டி 2025 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏ.ஐ. கம்பெனிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. பதிலுக்குக் கம்பெனிகள் வருமானத்தில் ஒரு பங்கை ராயல்டியாகக் கட்ட வேண்டும். அதை ஒரு பொது அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் என்பது அதன் யோசனை. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். இலவசமாக வாரிக்கொள்வதை விட இது மேல். ஆனால் பங்கு யாருக்கு வரும்? இது என்னுடையது என்று காகிதம் காட்டுகிறவருக்கு வரும். பதிப்பகம் காட்டும், ஆடியோ கம்பெனி காட்டும். நடவுப் பாட்டைப் பாடிப் பாடி வளர்த்த திருமழிசைப் பாட்டியிடம் என்ன காகிதம் இருக்கிறது?

அப்படியானால் பதிப்புரிமையை இன்னும் இறுக்கிக் கட்டிவிடலாமா? அதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. பாரதியின் கதை நமக்குத் தெரியும். வறுமையில் செத்தார். அவர் பாட்டின் ஒலிப்பதிவு உரிமை கைமாறிக் கைமாறி ஏவி.எம். வசம் வந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் படத்தில் ஒரு பாரதி பாட்டைப் பாட, வழக்கு வந்தது! எழுத்தாளர்களும் கலைஞர்களும் கிளர்ச்சி செய்தார்கள். 1949-ல் சென்னை சர்க்கார் உரிமையை வாங்கியது; பிறகு அது ஜனங்களின் பொதுச் சொத்து ஆயிற்று. அன்று அந்தப் பூட்டு உடைந்ததால்தான் இன்று நம் ஊர் மேடையில் யாரையும் கேட்காமல் பாரதியைப் பாடுகிறோம்.

ஆனால் பொதுக் கிணறு என்றால் எல்லோரும் குடத்தில் மொண்டு கொள்வது. ஒருவன் ராட்சஸ மோட்டாரை வைத்து இறைத்து, கேனில் அடைத்து, அதே ஊருக்கு விற்றால்? பூந்தமல்லிப் பக்கத்துத் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் லாரிகளை எண்ணியே சலித்தவர்கள் நீங்கள். கிணற்றுக்குப் பூட்டுப் போடு என்று நாம் கேட்கவில்லை. மோட்டார் வைத்தவனைக் கணக்குக் காட்டச் சொல்கிறோம்.

பெயர் பெற்றவர்களுக்குக் கோர்ட்டுக் கதவு திறக்கிறது. 2015-ல் சென்னை ஹைகோர்ட், ரஜினிகாந்தின் பெயரையும் உருவத்தையும் வசனம் பேசுகிற பாணியையும் அவர் சம்மதம் இல்லாமல் ஒரு படத்தில் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது. ஸ்டைலும் ஒரு சொத்துதான் என்று கோர்ட்டே ஏற்றுக்கொண்டிருக்கிறது! 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் ஏ.ஐ. மூலம் திரும்பக் கொண்டுவந்தார். குடும்பங்களிடம் அனுமதி கேட்டுப் பணமும் கொடுத்தார். அது முறை. எஸ்.பி. பாலசுப்ரமணியம் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் கேட்காமல் பயன்படுத்தியதாக அவர் குடும்பம் அதே வருஷம் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது.

பெயர் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். தனுஷ் நடித்து 2013-ல் வந்த 'ராஞ்சனா' படத்தை, தமிழில் 'அம்பிகாபதி'யை, 2025 ஆகஸ்டில் தயாரிப்புக் கம்பெனி மறுபடி வெளியிட்டது. முடிவில் செத்துப்போன கதாநாயகனை ஏ.ஐ. மூலம் உயிரோடு எழுப்பி உட்கார வைத்துவிட்டார்கள்! டைரக்டர் எதிர்த்தார், தனுஷும் எதிர்த்தார். படம் எங்களுடையது என்றது கம்பெனி. உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட பிறகு தனுஷுக்கே இந்தக் கதி என்றால், நாம் எந்த மூலை?

கையெழுத்து என்றதும் என் சொந்தக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. முழுநேர ஊழியனாக வருவதற்கு முன், இதே தொழிற்பேட்டையில் லேத்தில் நின்றேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு பீஸைப் பிடித்துக் கழற்றி மாட்டுவதிலேயே பாதி நேரம் போயிற்று. ராத்திரி ஷிப்டில் ஸ்கிராப் இரும்பை வெட்டி நானே ஒரு ஜிக் செய்தேன். வேலை பாதி நேரத்தில் முடிந்தது. சூப்பர்வைசர் வந்து பார்த்தார், அளவெடுத்தார், வரைந்துகொண்டு போனார். ஆயுத பூஜையன்று என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ஸ்டீல் டிபன் கேரியர் கொடுத்தார்கள். அடுத்த மாதம் எங்கள் செக்‌ஷனில் இரண்டு காண்டிராக்ட் பையன்களை வரவேண்டாம் என்றார்கள். டிபன் கேரியர் இன்னும் வீட்டில் இருக்கிறது. என் மனைவி அதை வெளியே எடுப்பதில்லை.

பேடண்ட் சட்டம் என்ன சொல்கிறது? கண்டுபிடித்தவரோ, அவரிடம் எழுதி வாங்கியவரோ விண்ணப்பிக்கலாம் என்கிறது. கண்டுபிடிப்பெல்லாம் கம்பெனிக்கே என்ற வரியை வேலையில் சேரும் அன்றே நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கிவிட்டால், பிறகு சட்டம் நமக்கு எந்த அளவுக்கு உதவும்? ஜிக் போன வழியில்தான் நாளைக்குக் கையின் அசைவும் போகும்.

விவசாயத் தொழிலாளத் தாய்மார்கள், எங்களிடம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். காமிரா உங்களுக்குப் புதிதா? நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்களே, நெட்வொர்க் கிடைக்காமல் வெயிலில் நின்றீர்களே! அதெல்லாம் வருகைப் பதிவுக்கு. நாற்று முடியைப் பிரித்து நடுகிற விரலைப் படம் பிடிக்க வருகிறவன் வேறு கணக்கோடு வருவான்.

ஆனால் காகிதம் இல்லாதவர் உரிமையைச் சட்டம் ஒரு தடவை ஒப்புக்கொண்டிருக்கிறது, அதுவும் வயலில்தான். 2001-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, பிராண்டு போடாமல் விற்க விவசாயிக்கு உரிமை உண்டு என்கிறது. தலைமுறை தலைமுறையாக ரகத்தைக் காத்த ஊர் ஜனங்களுக்கு ஈடு கேட்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. 2019-ல் பெப்சிகோ கம்பெனி, தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிர் செய்ததாகக் குஜராத் விவசாயிகள் மீது வழக்குப் போட்டது. நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. அதே வருஷம் மே மாதம் வழக்கை வாபஸ் வாங்கிற்று. விதைக்கு முடிந்தது கைக்கு ஏன் முடியாது?

ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். நடிகர்கள் 118 நாள். எங்கள் எழுத்துக்குப் பதிலாக ஏ.ஐ. எழுத்தை வைக்காதே, எங்கள் உருவத்தைக் கேட்காமல் காப்பி எடுக்காதே என்பவை கோரிக்கைகளில் முக்கியமானவை. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்களை ஒரு நாள் கூலிக்கு ஸ்கேன் செய்து, அந்த உருவத்தைக் காலமெல்லாம் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று சங்கம் குற்றம் சாட்டியது. முதலாளிகள் மறுத்தார்கள். கடைசியில் சம்மதமும் பணமும் இல்லாமல் நகல் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். செம்பரம்பாக்கம் பக்கம் ஷூட்டிங்குக்குக் கூட்டத்தில் நிற்கப் போகிறவர்கள் நம்மிடையேயும் இருக்கலாம். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பெயர் போடாத துணை நடிகரை, அநேகமாக எல்லா விஷயத்திலும், நம் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துவோர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சட்டம் விட்ட இடத்தை ஒப்பந்தத்தால்தான் அடைக்க வேண்டும்.

ஆகவே அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது என்று இப்போதே யோசிப்போம். யூனியன் சம்மதம் இல்லாமல் தொழிலாளியின் கை வேலையைப் படம் பிடிக்கக் கூடாது. பாதுகாப்புக்காக மாட்டிய காமிராவில் பதிந்ததை வெளியே விற்கக் கூடாது. விற்றால் அதில் செக்‌ஷன் முழுவதற்கும் பங்கு வேண்டும், ஒரு தனி ஆளுக்கு டிபன் கேரியர் அல்ல. அப்படிப் பழகிய யந்திரம் வந்தால், பழக்கியவரை வெளியே அனுப்பக் கூடாது. காண்டிராக்ட் தொழிலாளிக்கும் இதெல்லாம் பொருந்த வேண்டும். காமிராவை முதலில் மாட்டச் சொல்வது அவர்களைத்தான்.

இந்த வாசகம் சரியாக இருக்கிறதா, ஓட்டை எங்கே என்று வக்கீல் தோழரை வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு இதே இடத்தில் உட்காருவோம். வரும்போது அவரவர் நியமனக் கடிதத்தைக் கொண்டு வாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை எல்லோரும் சேர்ந்து உரக்கப் படிப்போம்.