பழைய கணினியும் புதிய நினைவகமும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பை இம்மேடையில் பலர் எடுத்துரைத்துவிட்டனர். நாம் பேச எடுத்துக்கொண்டதோ, நம் படிப்பகத்தின் மூலையில் துணி போர்த்திக் கிடந்த நான்கு பழைய கணினிகளைப் பற்றி. பொருள் சிறிது, ஆயினும் அதனால் நேரவிருந்த இடர் சிறிதன்று.

சென்ற ஆண்டு, உதவித்தொகைக்கு இணையவழி விண்ணப்பிக்கக் கடைசி நாள். நம் மாணவி ஒருத்தி மாலை நான்கு மணிக்கு அமர்ந்தாள். சாதிச் சான்றிதழை ஏற்றும்போது பக்கம் பாதியில் நின்றது. பெட்டியின் முகப்பிலுள்ள சிறுவிளக்கு ஓயாமல் மினுக்கிற்று, திரை அசையவில்லை. ஏழு மணிக்கு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைவீதிக் கணினி மையத்துக்கு விரைந்தோம். விண்ணப்பம் சேர்ந்தது. சேராதிருந்தால் அக்குடும்பம் யாரிடம் கையேந்தியிருக்கும் என்பதை இங்கிருப்போர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

மறுநாள் பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தோம். அவர் பெட்டியைத் திறவாமலே, "பழைய இரும்பு, எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். பிறகு நாமே திறந்தோம்.

கணினிக்கு நினைவு இருவகை. கும்பகோணத்தார்க்கு இதை விளக்குவது எளிது. சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த இராமானுஜன், தாள் விலை மிகுந்திருந்தமையால், சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். (அத்தகைய தெருக்களில் அந்நாளில் நம் பாட்டனார்க்கு நடக்கவும் உரிமையில்லை என்பது வேறு கதை.) கணினியின் வன்தட்டு அக்குறிப்பேடு போன்றது, மின்சாரம் நின்றாலும் எழுதியது நிற்கும். ரேம் எனப்படும் நினைவகமே சிலேட்டு. வேலையெல்லாம் அதன்மேல் நடக்கும். மின்சாரம் நின்றதும் அழியும். சிலேட்டுச் சிறிதாயின், கணினி பாதிக் கணக்கைக் குறிப்பேட்டில் எழுதும், எடுக்கும், மறுபடி எழுதும். வன்தட்டோ நினைவகத்தினும் பன்மடங்கு மெதுவானது. அன்று மினுக்கிய விளக்கு அந்த அல்லலின் அடையாளமே. நம் பெட்டிகளில் இருந்தது 2 ஜிபி. இன்றைய இணையப் பக்கங்களுக்கு அது போதாது.

குறை நினைவகத்தில்தானா என்பதை முதலில் உறுதிசெய்க. கணினி திணறும் வேளையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், நினைவகம் நிரம்பியிருக்கிறதா என்பது தெரியும். நிரம்பவில்லையெனில் பணத்தைச் செலவிடாதீர்.

வாங்குவதில் நாமே தவறினோம். பெட்டி கேட்டது டிடிஆர்3. நாம் வாங்கி வந்தது டிடிஆர்2. இரண்டும் ஒரே நீளம், இரண்டிலும் 240 முனைகள். ஆனால் விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், முன்னதற்கு 1.5 வோல்ட், பின்னதற்கு 1.8 வோல்ட். 2014இல் வந்த டிடிஆர்4 வகைக்கு 288 முனைகள், 1.2 வோல்ட். அழுத்தித் திணித்தால் உடைவதுதான் மிச்சம். கொடுத்த பணம் போயிற்று. ஆகவே பழைய பலகையைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், அதில் ஒட்டியுள்ள சீட்டைக் காட்டி வாங்குக. மடிக்கணினிக்குரிய குட்டைப் பலகை இதற்கு ஆகாது. தாய்ப்பலகை எத்தனை ஜிபி ஏற்கும் என்பதையும் கேட்டறிக; 32 பிட் விண்டோஸ் 10 உள்ள பெட்டியில் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை.

பொருத்துவது கால் மணி வேலை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, தொடக்கப் பொத்தானைச் சில நொடி அழுத்துக. எஞ்சிய மின்சாரம் வடியும். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொடுக. உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் நீங்கும். பொன்முலாம் பூசிய முனைகளில் விரல் படாமல் பலகையை விளிம்பில் பிடித்து, கொக்கிகள் 'டக்'கென விழும்வரை நேராக அழுத்துக. திரை இருண்டு, 'பீப்' என ஒலித்தால் அஞ்சற்க. பெரும்பாலும் பலகை சரியாக அமரவில்லை என்பதே பொருள்.

இரண்டாம் பெட்டியைத் திறக்க அம்மாணவியையே அழைத்தோம். கையை நீட்டத் தயங்கினாள். "உடைந்துவிட்டால், ஐயா?" என்றாள். இரும்பென்று தள்ளப்பட்டதுதானே, அம்மா, உடையட்டும் என்றோம். உடையவில்லை.

அவள் தயங்கியது நமக்கு உறுத்திற்று. 2011 முதல் அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகளை நம் பிள்ளைகள் பலர் பெற்றனர். பழுதானவை பரணுக்குப் போயின. துடைத்து வைக்கக் கற்றவர்கள் திறந்து பார்க்கக் கற்கவில்லை. ஆசிரியராகிய நாமும் கற்பிக்கவில்லை. அந்தக் குறை நம்முடையது.

இன்று மூன்று பெட்டிகள் 8 ஜிபி நினைவகத்தோடு இயங்குகின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தமையாலும், புதிய விண்டோஸை இவை ஏலாமையாலும், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை நிறுவியுள்ளோம். நான்காம் பெட்டியின் தாய்ப்பலகை மெய்யாகவே பழுது. அதைக் கழற்றிப் பழகுவதற்கென்று மேசைமேல் வைத்திருக்கிறோம். திருப்புளி இழுப்பறையில் இருக்கிறது. படிப்பகச் சாவி செயலாளரிடம்.