மழைத்துளியும் மோட்டார்க் கதவும்



சிறுதுளி பெருவெள்ளம் என்று பாடசாலையிலே பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கின்றோம். அச்சிறுதுளியே சில வேளைகளிற் பெருந்தீக்கும் காரணமாகலாம் என்பதை நானோ ஐம்பது வயதைக் கடந்த பின்னரே, என் சொந்த மோட்டார் வண்டியிடம் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்தை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

இக்காலத்து மோட்டார் வண்டிகளிலே யன்னற் கண்ணாடியை ஏற்றவும் இறக்கவும் கைப்பிடியைச் சுழற்றுவார் அரியர். சாரதியின் கதவிலே, கை வைக்கும் இடத்தில், வரிசையாகச் சில பொத்தான்கள் அமைந்துள்ளன. பாடநூல்களில் அவற்றை ஆளிகள் என்போம். வழக்கில் சுவிச் என்போம். நான்கு கண்ணாடிகளும், கதவுகளின் பூட்டும், பக்கக் கண்ணாடிகளும் அந்த ஒரு சாண் இடத்திலிருந்தே ஆளப்படுகின்றன. ஆயினும் யன்னல் திறந்திருக்கும்போது மழை முதலில் விழும் இடமும் அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மாதத்து நண்பகலில், பாடசாலை வேப்பமரத்தின் கீழே வண்டியை நிறுத்தினேன். உள்ளே வெக்கை சேராதிருக்கட்டும் என்று கண்ணாடியை நான்கு விரற்கடை திறந்து விட்டேன். பிற்பகலில் வடகீழ்ப் பருவமழை கொட்டியது. நான் திரும்பி வந்தபோது பொத்தான்களைச் சூழ்ந்த பள்ளத்திலே நீர் தேங்கி நின்றது. கைலேஞ்சியால் மேலோட்டமாக ஒற்றினேன், பொத்தானை அழுத்தினேன், கண்ணாடி ஏறிற்று. பழுதொன்றும் இல்லையென்று மகிழ்ந்தேன்.

மூன்று வாரங்கள் சென்றன. நல்ல வெயில் எறித்த ஒரு காலைப்பொழுது. பின் ஆசனத்திலே என் பேரன் இருந்தான். இறங்கிய கண்ணாடி ஏற மறுத்தது. மீண்டும் மீண்டும் அழுத்தினேன். "அப்பப்பா, ஏதோ எரிகிற மணம் வருகிறது" என்றான் பேரன். வண்டியை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, அவனை இறக்கிக்கொண்டு விலகி நின்றேன். பின்னர் வந்த திருத்துநர் அந்தப் பொத்தான் தொகுதியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பச்சைக் களிம்பு படிந்திருந்தது; ஒரு மூலை உருகிக் கறுத்திருந்தது. "ஐயா, இது இன்றைக்கு வந்த பழுதில்லை. மழை பெய்த அன்றைக்கே வந்தது" என்றார் அவர்.

அவர் சொன்னதன் உண்மையைச் சற்று ஆராய்வோம். தூய நீர் மின்னை எளிதிற் கடத்தாது. ஆனால் பொத்தானின் இடுக்கிலே தூசியும், கையின் வியர்வை உப்பும், கடலோர ஊர்களிலே காற்றில் வரும் உப்பும் சேர்ந்திருக்கின்றன. அவை கரைந்த நீர் மின்னைக் கடத்தும். மின்னோட்டம் இந்த ஈரத்தின் வழியே செல்லும்போது செப்புத் தொடுகைகள் சிறிது சிறிதாக அரிக்கப்படுகின்றன. நீர் உலர்ந்த பின்னும் களிம்பு எஞ்சி நிற்கின்றது. களிம்பு படிந்த இடத்தில் மின்னோட்டம் இடர்ப்பட்டுச் செல்வதால் வெப்பம் பிறக்கின்றது. ஆதலால் நனைந்த அன்றே கேடு வெளிப்படும் என்று எண்ணுதல் பிழையாகும்.

இஃது என் ஒருவனுடைய அனுபவம் மாத்திரம் அன்று. 2010ஆம் ஆண்டு சனவரியில் ஹொண்டா நிறுவனம், ஃபிட், ஜாஸ், சிட்டி ஆகிய வகைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 646,000 வண்டிகளைத் திருத்துவதற்காகத் திருப்பி அழைத்தது. சாரதியின் யன்னல் வழியே புகும் நீர் பொத்தான் தொகுதியை அடைந்து, அது சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதே காரணம். அதற்கு முந்திய ஆண்டிலே தென்னாபிரிக்காவில் ஜாஸ் வண்டியொன்று தீப்பற்றியபோது ஒரு குழந்தை உயிரிழந்திருந்தது. ஃபிட் வண்டிகளோ நம் நாட்டு வீதிகளிலும் நாள்தோறும் காண்பவை. பழைய யப்பானிய வண்டியை வாங்குவோர், அதன் செசி இலக்கத்தைக் கொடுத்து, இத்தகைய திருத்தம் செய்யப்பட்டதா என்று நிறுவனத்தின் முகவரிடம் கேட்டறிதல் நன்று.

இனி, நாம் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, மழைக்காலத்திலே கண்ணாடியை முற்றாக ஏற்றிவிட்டே வண்டியை விட்டு நீங்க வேண்டும். வெக்கைக்கு அஞ்சுவோர் நிழலில் நிறுத்தலாம். யன்னலின் மேல் விளிம்பிலே பொருத்தப்படும் மழைத்தடுப்புத் தகடும் ஓரளவு உதவும். ஆனால் சாய்ந்தடிக்கும் மழைக்கு அதுவும் போதாது.

இரண்டாவது, குடை. கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, குடையை மடித்து, அதன் நீரையெல்லாம் கதவின் மேலேயே வடிய விடுவது நம்மிற் பலருடைய பழக்கம். குடையை வெளியே உதறி, கதவுக்கு எதிர்ப்புறமாக உள்ளே எடுத்தல் வேண்டும். கதவின் பையில் ஒரு பழைய துவாயை வைத்திருப்பதும் பயன் தரும்.

மூன்றாவது, கதவின் உள்ளமைப்பு. கண்ணாடிக்கும் வெளிப்புற இறப்பர் விளிம்புக்கும் இடையே சிறிது நீர் கதவினுள்ளே இறங்குவது இயல்பே. அந்நீர் கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் வழியே வெளியேறிவிடும். செம்மண்ணும் சருகும் அத்துளைகளை அடைத்தால் நீர் உள்ளே தேங்கும். கதவைத் திறந்து மூடுகையில் நீர் தளம்பும் ஓசை கேட்பின் அதுவே அடையாளம். ஓர் ஈர்க்கினால் மெதுவாகக் குத்தித் துளைகளைத் திறந்துவிடலாம். மேலும், கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்டுள்ள பிளாத்திக்குத் தாள், ஈரம் உட்புறம் வராமற் காக்கின்றது. வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி பூட்டுவோர் சிலர் அதனைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவர். கதவைக் கழற்றித் திருத்தும் வேளையில் அத்தாள் முன்போல் ஒட்டப்பட்டதா என்று கேட்க மறவாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் பொத்தான்கள் நனைந்துவிட்டால், உடனே அவற்றை அழுத்திப் பார்த்தலாகாது. நான் செய்த தவறு அதுவே. இயந்திரத்தை அணைத்து, நீரை ஒற்றியெடுத்து, கதவைத் திறந்து காற்றுப்பட உலர விடுங்கள். நன்றாக நனைந்திருந்தால், தொழிலறிந்தவரைக் கொண்டு தொகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்வித்தலே முறை. பொத்தான் இறுகிவிட்டதென்று தேங்காயெண்ணெயோ வேறு எண்ணெயோ விடுதல் கூடாது. 2012இல் ரொயோட்டா நிறுவனம் உலகெங்கும் ஏறத்தாழ 74 இலட்சம் வண்டிகளை இதே பொத்தான் தொகுதியின் பொருட்டுத் திருப்பி அழைத்தபோது, கடையில் வாங்கிய மசகுப் பொருளை அதனுள் இட்டால் அஃது உருகிப் புகையக்கூடும் என்று எச்சரித்தது.

பொத்தான் சுடுமாயின், எரிமணம் வீசுமாயின், கண்ணாடி தானாக இயங்குமாயின் பயணத்தைத் தொடராதீர்கள். வண்டியை நிறுத்தி முதலிற் பிள்ளைகளை இறக்குங்கள். உருகி எரிந்துபோனால் அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் செருகுதல், காவலாளியைத் துரத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்தலை ஒக்கும்.

நேயர்களே, புதிய பொத்தான் தொகுதிக்கு நான் கொடுத்த பணம் பெரிதன்று. அன்று பேரன் வாய் திறவாதிருந்தால், அல்லது அவன் உறங்கிக்கொண்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்ற எண்ணமே இன்றும் மனத்தை வருத்துகின்றது. இன்று மாலை வண்டியை நிறுத்தும்போது, இறங்குமுன் நான்கு கண்ணாடிகளையும் ஒருமுறை நோக்குங்கள். அதற்கு ஒரு நிமிடமும் செல்லாது.