கறுப்புப் பெட்டியில் ஒலிக்கும் குரல்

(கலை இலக்கிய அரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

ஹிப்-ஹாப் கேட்கும் இளைஞர்களைக் கண்டால், "ஏகாதிபத்திய நுகர்வுப் பண்பாடு" என்று நம்மில் சிலர் ஒதுக்கிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு சரியா? ஓர் இசைத்தொகுப்பைக் கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

2012 பிப்ரவரியில் அமெரிக்கப் பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பரும் அவரது குழுவினரும் வெளியிட்ட தொகுப்பு 'பிளாக் ரேடியோ'. ஜாஸ் பியானோ, ஹிப்-ஹாப் தாளம், மின்னணு ஒலிகள், எரிக்கா படு, லாலா ஹாத்தவே முதலியோரின் சோல் குரல்கள் ஆகியவை அதில் இணைந்து ஒலிக்கின்றன. இது பல இசைகளின் கலவை என்பார்கள். நான் கேட்பது வேறு: இவற்றைப் பிரித்தவர்கள் யார்?

1920-இல் மாமி ஸ்மித் பாடிய புளூஸ் இசைத்தட்டு பெருமளவில் விற்றது. கறுப்பின மக்களிடமும் சந்தை உண்டு என்று கண்ட நிறுவனங்கள், 'இன இசைத்தட்டுகள்' என்று தனி வரிசையே வகுத்தன. பில்போர்டு இதழின் விற்பனைப் பட்டியலில் 1949 வரை இருந்த அப்பெயர், பின்னர் 'ரிதம் அண்ட் புளூஸ்' ஆயிற்று. பெயர் மாறியதே தவிர, வேலி அகலவில்லை.

ஹிப்-ஹாப் பிறந்தது 1970-களின் பிராங்ஸில். நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புகள் இடிக்கப்பட்ட பகுதி அது. 1975-இன் நிதி நெருக்கடியில் நியூயார்க் நகரின் பொதுச்சேவைகளும் வெட்டப்பட்டன. அங்கிருந்த இளைஞர்கள் இசைத்தட்டுச் சுழலியையே இசைக்கருவியாக்கி, பழைய பதிவுகளின் தாளத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தார்கள். கிளாஸ்பர் குழுவின் கிறிஸ் டேவ் அந்த இயந்திரச் சுழற்சியைத் தம் கைகளால் டிரம்ஸில் வாசித்தார். கேசி பெஞ்சமின் வோகோடர் வழியே பாடினார். தொலைபேசிக்காக பெல் ஆய்வகத்தில் உருவாகி, இரண்டாம் உலகப்போரில் இரகசிய உரையாடலுக்குப் பயன்பட்ட தொழில்நுட்பம் அது. மக்கள் கலைஞரின் கையில் அது பாட்டாகிறது.

விமானம் நொறுங்கினாலும் அழியாத கறுப்புப் பெட்டியே தொகுப்பின் தலைப்புக்கு அடிப்படை. அடிமைமுறையையும் நிறவெறியையும் கடந்து வந்த இசைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை ஏது? ஜாஸ் குழுவின் இத்தொகுப்பு 2013-இல் சிறந்த ஆர் அண்ட் பி தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. வேலி ஓரிடத்தில் சரிந்தது.

ஆனால் உடைமை? இதை வெளியிட்ட புளூ நோட் நிறுவனத்தின் தொடக்கம் நாம் அறிய வேண்டியது. 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் கறுப்பின மக்களின் இசை வரலாற்றை முன்வைத்து ஒரு நிகழ்ச்சி நடந்தது. அதற்கு ஆதரவளித்தது 'நியூ மாசஸ்' என்னும் இடதுசாரி இதழ். அங்கே கேட்ட இரு பியானோ கலைஞர்களை, ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஆல்பிரட் லயன் 1939 ஜனவரியில் பதிவு செய்தார். புளூ நோட் அப்படித்தான் பிறந்தது. இன்று அது யுனிவர்சல் என்னும் ஏகபோகக் குழுமத்தின் உடைமை.

ஆகவே தோழர்களே, இந்த இசை உழைக்கும் மக்கள் படைத்தது. அதன் இலாபம் மூலதனத்துக்குச் செல்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி இசையையே ஒதுக்கினால், மக்களின் படைப்பை நாமே முதலாளிக்கு எழுதிக்கொடுத்தவர்கள் ஆவோம். இளைஞர்களோடு அமர்ந்து கேளுங்கள். யாருடைய உழைப்பு, யாருடைய உடைமை என்னும் விவாதத்தை அந்தப் பாட்டிலிருந்தே தொடங்குங்கள்.